தம்பி போட்ட வலிக்குறிகள்

மயக்கம் தெளிந்து நான் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி, "அவனுக்கு மூத்திரம் வந்துதா?" என்பதுதான். நர்ஸ் சிரித்துவிட்டாளாம். அம்மா அதைப் பிற்பாடு தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதில் சிரிக்க எதுவும் இருக்கவில்லை. தம்பிக்கு வைத்த என் சிறுநீரகம் பிடித்துக்கொண்டதற்கு முதல் அடையாளம் அதுதான் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். வந்தது, நன்றாகவே வந்தது என்று நர்ஸ் சொன்னாள். நான் மறுபடியும் உறங்கிப்போனேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு முப்பத்து மூன்று வயது, தம்பிக்கு இருபத்தெட்டு. திருவனந்தபுரத்தில் வலியசாலை அக்ரகாரத்தில் எங்கள் வீடு. அப்பா போய்ப் பல வருஷமாகியிருந்தது. நான் ஒரு சர்க்கார் ஆபீசில் டைப்பிஸ்ட். தம்பி மராமத்து இலாகாவில் வரைபடம் போடுகிறவன். பாலமும் ஓடையும் பள்ளிக்கூடக் கட்டடமும் அவன் கையால் தாளில் இறங்கும். பென்சிலைச் சீவுவதற்கே பத்து நிமிஷம் எடுத்துக்கொள்வான்.

முதலில் முகம் வீங்கியது. பிறகு கால். பிறகு சோற்று வாசனை வந்தாலே குமட்டல். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன என்று தெரிந்தபோது, வாரத்தில் இரண்டு நாள் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டுதான் அவன் இருக்க முடிந்தது. போகும்போது நடந்து போவான், வரும்போது அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு வருவோம். அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும். அவள் கொடுக்க முடியாது என்றார்கள். என்னுடையது பொருந்தியது.

தெருவில் பேச்சு கிளம்பியது. கல்யாணம் ஆகாத பெண் வயிற்றைக் கீறிக்கொண்டால் அப்புறம் யார் வருவார்கள் என்று ஒரு மாமி அம்மாவிடம் வந்து அழவே செய்தாள். தம்பியும் அதையே பிடித்துக்கொண்டான்.

"வேண்டாம் அக்கா. நாளைக்கு ஒரு இடம் குதிர்ந்தா அவா கேக்க மாட்டாளா, இது என்ன தழும்புன்னு?"

"தழும்பு கண்ணுல படற அளவுக்கு ஒருத்தன் கிட்ட வரட்டும்டா. அப்பறம் பதில் சொல்லிக்கலாம்" என்றேன்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் மயக்க மருந்து டாக்டர் எங்களைப் பார்க்க வந்தார். என் வயதுதான் இருக்கும் அந்தம்மாவுக்கு. ஒல்லி, வேகமான நடை, வெள்ளைக் கோட்டின் பை நிறையக் காகிதம். பேசியது மலையாளம்; எங்கள் அம்மாவுக்காக நடுநடுவே தமிழ் சேர்த்துக்கொண்டார். எங்களுக்கு அது வேறு பாஷையாகவே பட்டதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து பஸ் வரை எல்லாம் அதில்தானே.

"ஆப்பரேஷன் கழிஞ்சா வேதனை உண்டாகும். அதுக்குச் சாதாரணமா பெத்தடின் ஊசி குடுப்போம். ஆனா புதுசா வைக்கிற கிட்னி வேலை செய்யத் தாமசிச்சா, அந்த மருந்து உடம்புல தங்கிப் போகும். அப்போ தலை சுத்தும், நடுக்கம் வரும். அதனால வேற ஒரு வழி நோக்கறேன்" என்றார்.

அவர் சொன்ன வழி இதுதான். வலி, வெட்டிய இடத்திலிருந்து நரம்பு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. போகிற வழியிலேயே அந்த நரம்பின் பக்கத்தில் மரத்துப்போகிற மருந்தைப் போட்டுவிட்டால், வலி அங்கேயே நின்றுவிடும். சிறுநீரகம் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வெட்டு அடிவயிற்றில். அந்த இடத்து நரம்புகளை இரண்டு இடத்தில் மறிக்கலாம்: கீழ் விலா எலும்புகளுக்கு நடுவே, அல்லது இடுப்பெலும்பின் முனைக்குச் சற்று உள்ளே. எது அதிக நேரம் நிற்கிறது, எதில் நோயாளிக்குச் சுகம் என்று யாருக்கும் நிச்சயமில்லை. அதைத்தான் அவர் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். யாருக்கு எந்த ஊசி என்பதை அவர் தீர்மானிப்பதில்லை; ஒட்டிய கவரிலிருந்து வரும் சீட்டுதான் தீர்மானிக்கும்.

"இஷ்டமில்லேன்னா வேண்டாம். ஒரு குழப்பமும் இல்லை. சாதாரண மருந்து தருவோம்."

தம்பி சம்மதித்தான். கவரைப் பிரித்தால் இடுப்பு. எனக்குச் சீட்டு கிடையாது. கொடுக்கிறவர்களுக்கு வெட்டு விலாவுக்குக் கீழே பக்கவாட்டில். அதற்கு விலா ஊசிதான். ஆனாலும் என் வலியையும் குறித்துக்கொள்வதாகச் சொன்னார்.

பிறகு பையிலிருந்து நீளமான ஒரு துண்டுத்தாள் எடுத்தார். அதில் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இடது முனை வலியே இல்லை. வலது முனை இதற்குமேல் தாங்க முடியாது. காலை, மத்தியானம், சாயந்திரம் மூன்று வேளையும் அந்தக் கோட்டில் நம் வலி எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி போட வேண்டும். அவர் பிறகு ஸ்கேல் வைத்து அளந்துகொள்வார்.

தம்பி தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கோடு கொஞ்சம் சாஞ்சிருக்கு டாக்டர்" என்றான்.

டாக்டர் தாளைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சைக்கிளோஸ்டைல் பண்ணி நகலெடுத்தாச்சு. இனி நேராக்க முடியாது" என்றார்.

மறுநாள் எங்கள் இருவரையும் பக்கத்துப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு பிரிகிற இடத்தில் அவன் கையைத் தூக்கிக் காட்டினான். அதற்கப்புறம் அவனை நான் நேரில் பார்க்க மூன்று வாரம் ஆயிற்று.

அது இப்படி இருக்கும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும். என் சிறுநீரகத்தை அவன் உடம்பு வெளியே தள்ளிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மருந்து கொடுப்பார்கள். அப்போது சாதாரண ஜலதோஷம்கூட அவனுக்கு ஆபத்து. அதனால் தனி அறை, மூடின கதவு. உள்ளே போகிற டாக்டரும் நர்சும் முகத்தைக் கட்டிக்கொண்டு, செருப்பை மாற்றிக்கொண்டு போவார்கள். அம்மாவுக்குக்கூட அனுமதி இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்து வைத்திருப்பது எதற்கும் உதவவில்லை. சின்ன வயதிலிருந்தே அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் ஒரு நாள் போனதில்லை. இப்போது என் உடம்பில் பாதி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவன் குரல்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

முதல் அரை நாள் இடுப்புக்கு மேலே ஒரு பலகை கட்டிவிட்டது போல இருந்தது, வலி தெரியவில்லை. விலா ஊசியின் வேலை. பிறகு மருந்தின் வேகம் இறங்கியது. மூச்சை உள்ளே இழுத்தால் பக்கவாட்டில் யாரோ துணியைக் கிழிப்பது போல் இருந்தது. அந்த நேரத்தில்தான் டாக்டர் தாளோடு வந்தார்.

"குறி போடுங்க சேச்சி."

"அவன் எங்கே போட்டான்?" என்றேன்.

"அது சொல்லக் கூடாது. உங்க வேதனை உங்களோடது."

"டாக்டர், அவன் எப்படி இருக்கான்னு எல்லாரும் நன்னா இருக்கான், நன்னா இருக்கான்னுதான் சொல்றா. எனக்கு அந்தத் தாளைக் காட்டினாப் போரும். வேற ஒண்ணும் கேக்கலை."

அவர் வராந்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பென்சிலில் ஒரு சின்ன செங்குத்துக் கோடு, அதன் நுனியில் மயிரிழை போல ஓர் அம்புக்குறி. வரைபடத்தில் அளவு காட்டுவதற்கு அவன் போடுகிற அதே குறி. அந்த அம்புமுனையை விரலால் தொட்டுப் பார்த்தேன். உயிரோடு இருக்கிறான், கை நடுங்கவில்லை, பென்சிலை யாரையோ விட்டு ஒழுங்காகச் சீவிக்கொண்டிருக்கிறான். குறி இரண்டில் நின்றது.

நான் என் தாளை வாங்கி, நானும் இரண்டில் போட்டேன். உண்மையில் என் வலி ஏழோ எட்டோ இருக்கும்.

"என்னோடது இரண்டுன்னு அவன்கிட்ட சொல்லுங்கோ" என்றேன்.

அங்கிருந்து தாள் வெளியே வரலாம்; என்னுடைய தாள் உள்ளே போக முடியாது. கிருமி. அதனால் என் வலியை டாக்டர் வாயால்தான் அவனிடம் சொன்னார். அவனுடைய தாள் எனக்கு மூன்று வேளையும் வந்தது. இரண்டாம் நாள் ஒன்றரை. நானும் ஒன்றரை. சாயந்திரம் தாளின் பின்பக்கம் ஒரு படம்: ஜன்னல் விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே எட்டிப் பார்க்கும் ஒரு காக்காய். கீழே எழுதியிருந்தான், "விசிட்டர் அனுமதி இல்லைன்னு இதுக்குத் தெரியலை". நான் சிரிக்கப் போய், சிரிக்க முடியாமல் தலையணையைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டேன். அந்த மூன்று வேளைகளுக்காகவே காத்திருந்தேன். டாக்டரின் செருப்புச் சத்தம் வராந்தாவின் எந்த முனையில் கேட்டாலும் எனக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் நாள் காலையில் என் தாளை நர்ஸ் கொண்டுவந்தாள், அவனுடையது வரவில்லை; முந்தின நாளைப் போல ஒன்று போட்டுக் கொடுத்தேன். மத்தியானமும் வரவில்லை. அம்மா என் கட்டிலருகே உட்கார்ந்து மோரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள், குடிக்கத் தரவில்லை.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லை. கொஞ்சம் ஜுரமாக்கும். பாத்துண்டிருக்கா."

டாக்டர் மூன்று மணிக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சேச்சி, ஒண்ணு இருமிக் காட்டுங்க."

"எதுக்கு?"

"இருமுங்க."

முயன்றேன். கொஞ்சம் காற்றுதான் வந்தது. கண்ணில் நீர் கட்டியது.

"இன்னிக்கு காலையில எவ்வளவு போட்டீங்க? ஒண்ணு. ஒண்ணுன்னா எறும்பு கடிச்ச மாதிரி. இருமக்கூட முடியாத ஆளுக்கு ஒண்ணா?" குரல் ஏறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "அங்கேயும் இதே கதை. அவரும் ஒண்ணுன்னு போட்டாரு. நானும் நம்பினேன். ஊசியைத் திரும்பப் போடலை. வேதனை தெரியாம இருக்க அவர் மூச்சை மேலாப்பிலேயே விட்டுட்டிருக்காரு, இருமலை அடக்கறாரு. நெஞ்சுல கபம் கெட்டிப்போச்சு. இப்போ ஜுரம். மத்தவங்களுக்கு ஜுரம்னா ஜுரம். அவருக்கு அப்படி இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"தப்பு என்னோடது. காட்டியிருக்கக் கூடாது. ஒருத்தர் குறியை ஒருத்தர் பார்த்தா, ரெண்டு பேரும் வேதனையை அளக்கலை, பாசத்தை அளக்கறீங்க. அதுக்கு என்கிட்ட ஸ்கேல் இல்லை."

"டாக்டர், எட்டு" என்றேன். "முதல் நாள்லேருந்தே எட்டுதான்."

அவர் தாளை நீட்டினார். நான் எட்டில் குறி போட்டேன். அதைப் போட்டதுமே அழுதுவிட்டேன். அழுதால் பக்கவாட்டில் வலித்தது, அதற்கும் சேர்த்து அழுதேன். அவர் என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, விலாவுக்கு நடுவில் மூன்று இடத்தில் விரலால் தடவிப் பார்த்து, ஊசி போட்டார். அரை மணியில் நெஞ்சு நிறைய மூச்சு இழுத்தேன். இழுக்க முடிந்தது. இதைத் தம்பிக்குப் போய்ப் போடுங்கள் என்று சொன்னேன்.

"போட்டாச்சு. உங்ககிட்ட வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டுத்தான் வர்றேன்."

மறுநாள் சாயந்திரம் வரை அவனைப் பற்றி ஒரு சொல்லும் வரவில்லை. அந்த ஒரு நாளைப் போல ஒரு நாளை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் அவன் சாவான் என்ற பயம் இருந்தது. ஆனால் பக்கத்தில் இருந்தான். இப்போது என்னுடையது அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தும், அவன் எப்படி இருக்கிறான் என்று என்னால் தெரிந்துகொள்ள முடியவில்லை. வராந்தாவில் தெரிந்த வெயில் தரையிலிருந்து சுவருக்கு ஏறுவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஆறு மணிக்கு டாக்டர் வந்தார். தாளை என் மேல் வைத்தார்.

குறி ஏழரையில் இருந்தது. அம்புமுனை கொஞ்சம் கோணலாக. அதன் அருகே "நேற்று" என்று எழுதியிருந்தான். நாலில் இன்னொரு குறி: "இன்று, ஊசிக்கப்பறம்". பின்பக்கத்தில்: "இது நிஜம் அக்கா. நீயும் புளுகினியாமே. நன்னா இருமறேன். கேக்கறதா?"

இரண்டும் ஒன்றரையும் கொடுக்காத நிம்மதியை அந்த ஏழரை எனக்குக் கொடுத்தது. அதுவரை என்னிடம் வந்ததெல்லாம் எனக்காக அவன் இட்டுக்கட்டியவை. இதுதான் அவன். இப்போதுதான் அவன் கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஜுரம் இறங்குது" என்றார் டாக்டர். "இனி தாள் காட்ட மாட்டேன். இது கடைசி."

சொன்னபடியே பிறகு அவர் காட்டவில்லை. ஆனால் தினமும் கதவருகே நின்று, "இருமறாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. அவன் சட்டை கொடியில் அப்படியே கிடந்தது. அம்மா அதைத் துவைத்து மறுபடி அங்கேயே போட்டாள். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாளிலிருந்து சாப்பாடு ஆனதும் கிழக்கேகோட்டைக்கு மெல்ல நடந்து போய், பஸ் பிடித்து, ஆஸ்பத்திரிக்குப் போவேன். மேலே ஏறிப் போனாலும் மூடின கதவுதான். அதனால் கட்டடத்தின் பின்பக்கம் போய் நிற்பேன். அவன் ஜன்னல் இரண்டாம் மாடியில். மூடின கண்ணாடி, அதில் வானமும் தென்னையும்தான் தெரியும். நான் அங்கே வந்து நிற்பதாக நர்ஸ் அவனிடம் சொல்லியிருக்கிறாள். மூன்றாம் நாள் கண்ணாடியில் ஒரு கை வந்தது. அப்புறம் ஒரு தாள். ஏதோ எழுதியிருந்தான், கீழேயிருந்து என்னால் படிக்க முடியவில்லை. தலையை ஆட்டினேன். மறுநாள் எழுத்தை விட்டுவிட்டுப் படம் போட்டுக் காட்டினான்: ஒரு பெரிய குடை. வெயிலில் நிற்காதே என்கிறான். நான் அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

வலது பக்கத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அங்கே நின்ற மத்தியானங்களை நினைத்தால் இப்போதும் என் கண் தானாக மேலே போகிறது. அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் பார்த்து நின்றதில்லை.

ஆபரேஷன் ஆகி மூன்று வாரம் கழித்து அவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். முகத்தில் துணி கட்டியிருந்தான். மருந்தில் முகம் வட்டமாக ஊதியிருந்தது. கண் மட்டும் அவனுடையது. நாலடி தள்ளி நிற்கச் சொன்னார்கள். நாங்கள் நாலடி தள்ளி நின்றோம். அம்மா வாயில் புடவைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"மெலிஞ்சு போயிட்டியே அக்கா."

"நீதான் குண்டாயிட்டே. என்னோடது உன் உடம்புல நன்னாத்தான் ஒட்டறது."

அவன் முகத்துணியைச் சரிசெய்துகொண்டே இருந்தான்.

மாதா மாதம் பரிசோதனைக்குப் போகும்போது அந்த டாக்டரைப் பார்ப்போம். ஒரு வருஷம் கழித்துத் தன் ஒப்பீடு முடிந்துவிட்டதாகச் சொன்னார். வலி குறைவதில் இரண்டு ஊசிக்கும் அதிக வித்தியாசம் இல்லையாம். ஆனால் விலாவில் போடும்போது நுரையீரலைக் குத்திவிடுமோ என்ற கவலை உண்டு. இடுப்பில் அந்தப் பயம் இல்லை. அதனால் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு இனி இடுப்புதான் என்றார்.

"எங்க கணக்கு?" என்றான் தம்பி.

"உங்களைக் கணக்குலேருந்து வெட்டியாச்சு. கள்ளச்சாட்சி" என்று சொல்லிவிட்டு, அவர் வழக்கமான வேகத்தில் நடந்து போனார்.

தம்பி அதற்கப்புறம் பதினோரு வருஷம் இருந்தான். வேலைக்குத் திரும்பினான். கூட வேலை பார்த்த மலையாளிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். தெரு முணுமுணுத்தது, அம்மா ஒரே வாரத்தில் அவளுக்குப் புளிக்குழம்பு சொல்லிக்கொடுத்தாள். ஒரு பெண் குழந்தை பிறந்தது. வடக்கே மாற்றல் கிடைத்துக் குடும்பத்தோடு போனான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குத் தழும்பு காரணமில்லை. யாரும் தழும்பு வரை வரவில்லை.

அவன் போனது சிறுநீரகத்தால் அல்ல. அது கடைசி வரை ஒழுங்காகவே வேலை செய்தது. இதயம் நின்றது. ஒரு மழைக்காலத்துக் காலையில் ஆபீசுக்குத் தந்தி வந்தது. நான் ரயிலில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வேதனையும் இல்லைன்னு எங்கிட்ட சொன்னார் சேச்சி. சிரிச்சுண்டே சொன்னார்" என்றாள். எங்கள் தமிழை அவள் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். ஒரு காலத்தில் அவன் போட்ட ஒன்றரையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

அம்மாவும் போய்விட்டாள். வலியசாலை வீட்டில் இப்போது நான் மட்டும்தான். தம்பியின் பெண் விடுமுறைக்கு வருவாள். மலையாளத்திலேயே பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் தமிழ். அவள் வந்து போன பிறகு வீடு இன்னும் கொஞ்சம் பெரிதாகிவிடும். அந்த நாட்களில் தம்பி சாயந்திரம் ஐந்தரைக்கு ஆபீசிலிருந்து வந்து, வாசலில் செருப்பை ஒன்றன்மேல் ஒன்றாக உதறிவிட்டு, "அக்கா, காப்பி" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவான். செருப்பை ஒழுங்காக விடச் சொல்லி எத்தனை தடவை கத்தியிருப்பேன். அந்த நேரம் வந்தால் நான் இப்போதும் சமையலறையில் வேலை எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருக்கிறேன்.